பன்றியாருக்கு இரண்டு வணக்கம்

ஏப்ரல் 3, திங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. இன்று முதல் மிளகு என்னோடு மியூசியத்துக்கு வருகிறாள். வேறு வழியில்லை. இவர், அவளுடைய அப்பா, லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். எந்தக் கட்டடத்தில் யார் எப்போது மாட்டிக்கொள்வார்கள் என்று அவருக்கே தெரியாது. எட்டு வயதுப் பெண்ணை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக முடியுமா?

மிளகு என்பது இவர் வைத்த செல்லப்பெயர். ஆள் சிறிசு, காரம் பெரிசு. அவளுக்குப் பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். எனக்குத்தான் ஒன்றுகூட இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் என்னை இன்றுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்று கூப்பிட முடியாது. அந்தப் பெயருக்கு உரியவள் இரண்டு வருடத்துக்கு முன்பு இறந்துபோனாள், கூடத்துப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்தன்றே யாரோ "சித்தின்னு கூப்பிடும்மா" என்று சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. எனக்கும் அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்காதுதான். கதைகளில் வருகிற சித்திகள் செய்துவைத்த வேலை அப்படி.

பெயரில்லாத ஒருத்தியைத் தூரத்திலிருந்து கூப்பிட முடியாது. அதனால் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நான் இருக்குமிடம்வரை நடந்து வந்து, என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று, "இங்க பாருங்க" என்பாள். குளியலறையில் சோப்பு தீர்ந்துபோனால்கூடத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரக்காலோடு சமையலறைவரை வருவாள். நான் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று அவளுடைய பெரியம்மா ஃபோனில் பேசினார். இறந்தவளின் அக்கா. அம்மா போன பிறகு முதல் ஒரு வருடம் இவளைத் தன்னோடு வைத்து வளர்த்தவர். விடுமுறை முடிந்ததும் கூட்டிப்போய் அங்கேயே பள்ளியில் சேர்க்கட்டுமா என்று கேட்டார். "அவ இஷ்டம். ஜூன்ல அவளே சொல்லட்டும்" என்றார் இவர். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் என்ன செய்ய?

அவள் போகக் கூடாது. இங்கே எழுதிவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 5, புதன்

எங்கள் மியூசியம் சின்னது. ஒருகாலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த கட்டடம். மழை பெய்தால் இன்னமும் சணல் நாற்றம் வரும். கடல் கூடத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் புதிதாக விவரப் பலகை எழுதுவது இப்போது என் வேலை. ஜூனில் கூடத்தைத் திரும்பத் திறக்கிறார்கள். ஒவ்வொரு பலகையும் நாற்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும். எழுதியதும் அந்தப் பொருளுக்கு எதிரே ஒருவரை நிறுத்தி உரக்கப் படிப்பேன். கேட்கிறவர் கண் பொருளின்மேல் போனால் பாஸ். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கிழித்துப் போட்டுவிட வேண்டியதுதான். இது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம். இதனாலேயே காவலாளி என்னைக் கண்டால் ஒளிந்துகொள்கிறார்.

கூடத்துக்கு நடுவில் இரும்புத் தாங்கியின்மேல் ஒரு எலும்புக்கூடு. நீண்ட அலகு, ஊசி ஊசியாகப் பற்கள், கூடை பின்னியதுபோல் விலா எலும்புகள். கீழே மரப்பலகையில் பெயிண்டால் ஒரே சொல்: கடற்பன்றி. பக்கத்தில் அதைவிடப் பெரிய எழுத்தில்: தொடாதீர்கள்.

மிளகு உள்ளே வந்ததும் வேறெதையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அந்த விலா எலும்புகளுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "இதை முன்னாடியே பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"இது எங்களோடது" என்றாள்.

எங்களோடது என்றால் அவளுடையதும் அவள் அம்மாவுடையதும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் இங்கே வருவார்களாம். சாயங்காலம் இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் அப்போதும் இதே கட்டடத்தில்தான், மேல்மாடியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எத்தனை முறை அவர்கள் கீழே நடந்துபோனதைக் கேட்டேனோ.

ஏப்ரல் 8, சனி

இன்று டம்ளரை நீட்டி "இந்தாங்க" என்றாள். "இங்க பாருங்க"வைவிட இது நெருக்கமா, தூரமா? அரைமணி நேரம் யோசித்தேன். வெட்கக்கேடு.

ஏப்ரல் 11, செவ்வாய்

காப்பாட்சியருக்கும் எனக்கும் சண்டை. சண்டை என்றால் அவர் சிரித்துக்கொண்டே மறுப்பார், நான் சிரிக்காமல் மறுப்பேன்.

"பன்னின்னு போட்டா பிள்ளைங்க சிரிப்பாங்கம்மா. டால்பின்னு போட்டுட்டுப் போவோமே."

"சிரிக்கட்டும் சார். சிரிச்சா நின்னு பாப்பாங்க."

பழைய பெயரை எடுக்க எனக்கு மனமில்லை. கரையோரத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் சொன்ன பெயர் அது. தோண்டத் தோண்ட ஒரு வேடிக்கையும் வந்தது. சில ஊர்களில் கடற்பன்றி என்றால் ஓங்கில், அதாவது டால்பின். வேறு சில ஊர்களில் அதே பெயர் ஆவுளியாவுக்கு; அதாவது கடற்பசு. முதலாவது துள்ளி மீனைத் துரத்துவது, இரண்டாவது கடலடியில் அசைந்து அசைந்து புல் மேய்வது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எதற்காகப் பன்றி? உருண்ட உடம்பா, தோலுக்கடியில் உள்ள கொழுப்பா, நீருக்குமேல் வந்து மூச்சு விடும்போது வருகிற உறுமலா? மூன்றில் எது என்று எங்கும் தெளிவாக இல்லை. மூன்றும் இரண்டுக்கும் பொருந்தும். கண்டவர்கள் கண்டதைச் சொல்லியிருக்கிறார்கள்.

மிளகு எல்லாவற்றையும் எலும்புக்கு அடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூச்சு எப்படி விடும்?"

செய்து காட்டினேன். நாற்பத்தோரு வயதில், மியூசியத்தின் நடுவில், பன்றி மாதிரி உறுமினேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்சநேரம் கழித்து அங்கிருந்து மெல்லிய உறுமல் ஒன்று வந்தது.

ஏப்ரல் 18, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எலும்புக்கூட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். கம்பியை அவிழ்த்து விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, தூரிகையால் தூசி தட்டி, பஞ்சு விரித்த மேஜையில் வைப்பது. மூன்று எலும்புகளைக் கழற்றினேன். நாலாவதைக் கழற்றியதும் கை சடக்கென்று கீழே போனது. அப்படியொரு கனம். கீழே விட்டுவிடப் பார்த்தேன்.

எடுத்துப் பார்த்தேன். முந்தைய எலும்பு முருங்கைக்காய் மாதிரி லேசாக இருந்தது. இது கல். பெயிண்ட் அடித்து எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருந்ததால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு என் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மிளகைக் கூப்பிட்டு, கையுறை போட்டுவிட்டு, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வைத்தேன்.

"இது கனம். இது இல்ல" என்றாள். பிறகு யோசித்து, "இது வேற யாரோ" என்றாள்.

வேறு யாரோதான். ஓங்கிலுக்கு எலும்பு லேசு. அடியில் மேய்கிற ஆவுளியாவுக்குத்தான் எலும்பு இப்படிக் கனக்கும். ஒரு ஓங்கிலின் உடம்பில் ஆவுளியாவின் விலா எலும்புகள்! இத்தனை வருடம், இத்தனை பேர் பார்த்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தொடாதீர்கள் என்று நாங்களேதான் எழுதிவைத்திருக்கிறோமே.

காப்பாட்சியர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார் முதலில். அப்புறம், "இதை மாட்டின தச்சர் இன்னும் இருக்காரு. வரச்சொல்றேன்" என்றார்.

ஏப்ரல் 21, வெள்ளி

தச்சர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆயிற்றாம். நல்ல உயரம், கொஞ்சம் காது மந்தம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. தப்பைக் கண்டுபிடித்துவிட்டோமே என்ற கூச்சம் எங்களுக்குத்தான் இருந்தது, அவருக்கு இல்லை.

"ரெண்டு பெட்டி வந்துச்சுங்க. வேற வேற ஊர்லேர்ந்து. ரெண்டு மூடிலயும் கடற்பன்றின்னுதான் எழுதியிருந்தது. சரி, ஒரே உருப்படி, பெரிசா இருக்கே, ரெண்டாப் பிரிச்சு அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சோம்."

"எலும்பு மிச்சம் வந்திருக்குமே?" என்றார் காப்பாட்சியர்.

"எக்கச்சக்கமா வந்துச்சு! ரேடியோவைக் கழட்டி மாட்டினா ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் வரும்ல? அந்த மாதிரின்னு விட்டுட்டோம். ஒரு பெட்டில விலா எலும்பு வழியில உடஞ்சிருந்தது. இன்னொண்ணுலேர்ந்து எடுத்துச் செதுக்கிப் பொருத்தினேன். அப்படியே உக்காந்துச்சு பாருங்க!"

"தலை ரெண்டு இருந்திருக்குமேங்க!" என்றேன் நான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அங்கதான் கொஞ்சம் யோசிச்சோம்" என்றார் தச்சர். "அப்புறம் ரெண்டுல எது அழகா இருந்துச்சோ அதை மாட்டிட்டோம்."

காப்பாட்சியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

மிச்சம் வந்த பெட்டி மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கிழிந்த திரைச்சீலைகள், உடைந்த நாற்காலி எல்லாவற்றுக்கும் கீழே. திறந்ததும் மேலேயே அந்தத் தலை. மூக்கு கீழ்நோக்கி வளைந்து, எதையோ முகர்ந்துகொண்டே தூங்கிப்போனதுபோல. அழகில்லைதான். அழகில்லை என்பதற்காக இவ்வளவு காலம் படிக்கட்டுக்கடியில்.

மிளகு எட்டிப் பார்த்தாள். "இவங்களை என்ன பண்ணுவீங்க?"

"அங்கேருந்து இவங்களோட எலும்பை எடுத்து, இவங்களைத் தனியா நிறுத்துவோம்."

அவள் முகம் மாறிவிட்டது. ராத்திரி முட்டையும் ரொட்டியும் தட்டிலேயே ஆறிப்போயின.

ஏப்ரல் 22, சனி

இன்று என்னிடம் வந்து "இங்க பாருங்க" என்றாள். பார்த்தேன்.

"எங்க அம்மா பாத்ததை மாத்தாதீங்க."

அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

மிளகு மியூசியத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். இவர் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போகிறார். லிஃப்ட் கம்பெனி வண்டியில் உட்கார்ந்து படம் வரைகிறாளாம்.

"எலும்புதானே, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார் இவர். பாவம், வீட்டில் இரண்டு பெண்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவரும் என்ன செய்வார். காப்பாட்சியரும் என் தலையிலேயே கட்டிவிட்டார்: "கூடம் உங்க பொறுப்பு. விடணும்னா விடுங்க, பிரிக்கணும்னா பிரிங்க."

விட்டுவிடலாம். பலகையில் டால்பின் என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. குழந்தை திரும்ப என்னோடு வருவாள். ஜூனில் இங்கேயே இருக்கிறேன் என்றும் சொல்லலாம். ஒரு பொய்தானே? சின்னப் பொய்.

ஆனால் படிக்கட்டுக்கடியில் ஒருத்தி இருக்கிறாளே. அவளுடைய எலும்பால் இன்னொருத்தி நிற்கிறாள். இவள் இருந்ததாகவே யாருக்கும் தெரியாது.

நான் ஆவுளியாவுக்காகத்தான் வருந்துகிறேனா? எனக்கே தெரியவில்லை. இரண்டாவதாக வந்தவளின்மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் இருக்கத்தான் செய்யும்.

ஏப்ரல் 29, சனி

பெரியம்மா வந்தார். மிளகுக்குக் கவுன், எனக்கு ஒரு கைப்பை. எனக்கு எதற்கு? மறுக்கவும் வாயில்லை.

நல்ல மனுஷி. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். இவளுக்குத் தலைசீவிவிடுகிறபோது கை எவ்வளவு மெதுவாகப் போகிறது! மிளகு கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டாள். என் கைக்கு அவள் தலை இன்னும் பழகவில்லை, நான் சீப்பை எடுத்தாலே கழுத்தை விறைத்துக்கொள்கிறாள்.

பேச்சுவாக்கில் பெரியம்மா, "அதென்னடி, பேர் சொல்லாம இங்க பாருங்க அங்க பாருங்கன்னு? வாய் நிறைய சித்தின்னு கூப்பிட்டா என்ன?" என்றார். மிளகு எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே வர நெடுநேரம் ஆயிற்று.

சமையலறையில் நான் டீ போடும்போது பெரியம்மா பின்னாலேயே வந்தார். "தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"நீங்க என்ன தப்புப் பண்ணீங்க..."

"இல்லம்மா. நான் சுலபமா சொல்லிட்டேன். என்னைக் கூப்பிடும்போது அவ அம்மாவையும் சேத்துதானே கூப்பிடறா, பெரியம்மான்னு. உங்களுக்கு அவ எங்கேருந்து ஒரு பேரைத் தேடுவா? பாவம், குழந்தைதானே."

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இருவரும் சேர்ந்து துடைத்தோம்.

மே 3, புதன்

முடிவெடுத்துவிட்டேன். பிரிக்கப் போகிறேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் பிரிக்க மாட்டேன். காலையில் அவள் செருப்பு மாட்டும்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு ஒரு தடவை மட்டும் வா. உங்க அம்மா அங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குக் காட்டு. அப்புறம் நீ அப்பாவோடயே போ."

வந்தாள். கூடம் காலியாக இருந்தது. எலும்புக்கூட்டுக்கு முன்னால் நேராக நின்றாள். கைகூப்பி, குரலைக் கனமாக்கிக்கொண்டு, பெரிய மனிதர்களிடம் பேசுகிற தோரணையில் சொன்னாள்:

"வணக்கம் பன்னியாரே. சாப்பிட்டாச்சா?"

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். அப்புறம் இருவரும் சிரிப்பார்களாம். காவலாளி முறைப்பாராம்.

வீட்டுக் கூடத்துப் படத்தில் இருக்கிற அந்தப் பெண்ணை எனக்கு முதல்முறையாகப் பிடித்துப்போனது. பன்றியாரே! சாதாரணமாக யாருக்குத் தோன்றும்?

பிறகு உள்ளதைச் சொன்னேன். இதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருடைய எலும்பை இன்னொருவர் போட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் நெடுநேரம் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எங்க அம்மா யாருக்கு வணக்கம் சொன்னாங்க?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "தெரியலம்மா. ரெண்டு பேருக்கும்னுதான் எனக்குத் தோணுது. ரெண்டு பேர் பேரும் அதுதானே" என்றேன்.

அப்பாவோடு போய்விட்டாள்.

மே 8, திங்கள்

தச்சர் வந்து கம்பிகளை வெட்டினார். தன் கைவேலையைத் தானே பிரிக்கிறோம் என்ற வருத்தம் அவருக்கு இருக்குமோ என்று நினைத்தேன். "நல்லவேளை, உயிரோட இருக்கும்போதே சொன்னீங்க" என்று சிரிக்கிறார்.

மே 10, புதன்

மதியம் திரும்பிப் பார்த்தால் மிளகு வாசலில் நிற்கிறாள். இவர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவளே கேட்டாளாம். மேஜைமேல் எலும்புகள் கலந்து கிடந்தன.

"கனமானதெல்லாம் எந்தப் பக்கம்?" என்றாள்.

இடது பக்கம் என்றேன். கையுறையைத் தானே தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். மாலைவரை இருவரும் அதைத்தான் செய்தோம்: எடுப்பது, கையில் ஏந்தி நிற்பது, கனமென்றால் இடம், லேசென்றால் வலம். நான் இரண்டு முறை தப்பாக வைத்தேன். அவள் எதுவும் சொல்லாமல் எடுத்து மாற்றி வைத்தாள். அப்படியே என் பாட்டி மாதிரி ஒரு பார்வை வேறு.

ஓங்கிலுக்கு இப்போது விலாவில் நான்கைந்து இடம் காலி. பிளாஸ்டரில் செய்து அடைத்துவிடலாம் என்றார் காப்பாட்சியர். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மிளகு, "வேண்டாம். இல்லாதது இல்லாமலே இருக்கட்டும்" என்றாள்.

இன்று மிகவும் சந்தோஷமாக இருந்தேன். திருஷ்டி பட்டுவிடப் போகிறது.

மே 20, சனி

ஆவுளியா எழுந்து நின்றுவிட்டாள். ஓங்கிலுக்கு எதிரே, அதே உயரத்தில். தலை கொஞ்சம் குனிந்தாற்போல். வெட்கப்படுகிறாள் என்கிறாள் மிளகு.

பலகைகளைப் படித்துக் காட்டினேன். கேட்பவள் மிளகு. ஓங்கில் ஒரே முறையில் பாஸ். அடுத்தது: "ஆவுளியா. கடற்பசு என்றும் சொல்வார்கள். கடலடியில் புல் மேயும். மூச்சுக்கு மட்டும் மேலே வரும். அடியில் நிலைத்திருப்பதற்கு இதன் எலும்பு கல்போல் கனக்கிறது. வெகுகாலம் ஒரு பெட்டிக்குள் இருந்தது."

"பாவம்னு சேத்துக்கோங்க."

"பலகைல பாவமெல்லாம் போட மாட்டாங்கம்மா."

"அப்போ பெட்டியைப் பத்தி எதுக்கு எழுதினீங்க?"

மாட்டிக்கொண்டேன்.

பழைய மரப்பலகையைத் தூக்கிப்போட நான் விடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில், மேலே மாட்டியிருக்கிறது: கடற்பன்றி. காப்பாட்சியர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும். சிரிச்சா சிரிக்கட்டும்" என்றார்.

மே 27, சனி

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டாள். பெரியம்மா வீட்டுக்குப் போகிறாளாம்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் "சரிம்மா" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன், குரல்கூட உடையவில்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

என்ன சரி? ஒண்ணும் சரியில்ல. ஏண்டி போற? நான் என்ன பண்ணேன்? எலும்பெல்லாம் சேந்துதானே எடுத்து வெச்சோம் — நல்லாத்தானே இருந்தே — எனக்கு மட்டும்தான் அப்படித் தோணிச்சா? வாய விட்டுக் கேக்கவும் முடியல. கேட்டா பயந்துடும். கேக்க நான் யாரு?

பெரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பாள். அந்தத் தலைசீவுகிற கை. எனக்கே புரிகிறது. புரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது.

ஜூன் 3, சனி

கூடம் இன்று திறந்தது. பெரியம்மா காலையிலேயே வந்துவிட்டார். மிளகு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எல்லாம் காட்டினாள். எது லேசு, எது கனம், எது எங்கே இருந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. காவலாளி அவளை முறைக்கவில்லை.

கிளம்பும்போது தனியாகத் திரும்பி ஓடினாள். ஓங்கிலுக்கு முன்னால் நின்று கைகூப்பினாள். "வணக்கம் பன்னியாரே." அப்படியே திரும்பி ஆவுளியாவுக்கும் கைகூப்பினாள். "வணக்கம் பன்னியாரே. சாப்பிட்டாச்சா?" நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

பேருந்து நிலையத்தில் பையை இவர் ஏற்றினார். மிளகு என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "இங்க பாருங்க" என்றாள். பார்த்தேன். எதையோ சொல்ல வந்து, சொல்லாமல், ஏறிவிட்டாள்.

ஜூன் 4, ஞாயிறு

தரை காய்ந்திருக்கிறது. ஈரக்கால் தடம் எங்கும் இல்லை.

ஜூன் 8, வியாழன்

கொடியில் அவளுடைய நீல சாக்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. மடித்து என் அலமாரியில் வைத்தேன். அனுப்பிவைக்கலாம்தான். நாளைக்குப் பார்க்கலாம்.

இவர் இரண்டு நாளாகச் சத்தமாகச் சிரிப்பதில்லை. நான் அவருக்காகச் சிரிக்கிறேன், அவர் எனக்காக. இப்படியே ஓடுகிறது.

ஜூன் 14, புதன்

இவர் ஃபோனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். மாலையில் அடித்தது. பெரியம்மா எண். எடுத்தேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. தெரிந்துவிட்டது.

"அப்பா வெளிய போயிருக்காரும்மா. சாப்பிட்டியா?"

"ம். அப்பாகிட்ட சொல்லுங்க. சனிக்கிழமை பையைத் தூக்க வரணும்னு."

"எங்க தூக்கிட்டுப் போக?"

"வீட்டுக்குத்தான்" என்றாள், இது தெரியாதா என்கிற மாதிரி. "இங்க ஸ்கூல்ல நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ரெண்டு பேரையும் பாக்கணும்."

அப்புறம் பெரியம்மா வாங்கிப் பேசினார். "இங்க அவளுக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஆனா வாயைத் திறந்தா எலும்பைப் பத்தித்தான் பேச்சு. அவங்க உறுமிக் காட்டினாங்க, அவங்க ரெண்டு தடவை தப்பா வெச்சாங்கன்னு உங்க புராணம்தான். லீவுக்கு லீவு எனக்கு அனுப்புங்க. அது போதும்."

அவரைக் கும்பிட்டேன். ஃபோனில் கும்பிட்டால் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஜூன் 19, திங்கள்

பழைய பள்ளியிலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் ஒரே களேபரம். இவர் சீருடைக்கு இஸ்திரி போடுகிறேன் என்று ஆரம்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டார். நான் சமையலறையில் மருந்து தேடிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னறையிலிருந்து, இரண்டு அறை தள்ளி, முழுத் தொண்டையில் ஒரு குரல்:

"பன்னியாரே! என் நீல சாக்ஸ் எங்க?"

இவர் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"என் அலமாரில இருக்கும்மா" என்று நானும் அங்கிருந்தே கத்தினேன்.